மாற்றுக் கிட்னியைத் தாக்காதே என்று சொல்லும் செல்கள்

சித்தூர், நகரி, பலமனேர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பெரிய வியாதி என்றால் முதலில் நினைவுக்கு வரும் ஊர் வேலூர். இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று சிகிச்சை 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில்தான் நடந்தது. மாற்றுக் கிட்னியோடு நன்றாக வாழ்கிறவர்களும் இந்தப் பக்கம் உண்டு. ‘கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவான கிரியாட்டினின் சரியாக இருக்கிறது, அப்புறம் எதற்குக் காலையும் இரவும் டாக்ரோலிமஸ் மாத்திரை?’ என்று அவர்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

அம்மாவே கொடுத்த கிட்னி என்றாலும் உடம்புக்கு அது வேற்றுப் பொருள். அதன் செல்களின் மேலுள்ள எச்.எல்.ஏ. அடையாளங்கள் முழுக்கப் பொருந்துவதில்லை. நோய் எதிர்ப்பு வேலை செய்கிற வெள்ளை அணுக்களில் ஒரு வகையான நம் டி செல்கள் அதைக் கண்டுபிடித்துத் தாக்கும். எத்தனை வருடம் போனாலும் புதிய டி செல்கள் அதை வேற்றாளாகவே பார்க்கும். அந்தத் தாக்குதலை அடக்கத்தான் டாக்ரோலிமஸ்.

ஆனால் டி செல்களில் எல்லாமே தாக்குகிறவை அல்ல. பிறந்து மூன்றே நாளான எலிக்குட்டிகளிடமிருந்து, டி செல்கள் முதிர்கிற தைமஸ் சுரப்பியை எடுத்துவிட்டால், பிறகு அவற்றின் உடம்பு தன் உறுப்புகளையே தாக்க ஆரம்பிக்கும். ஆரோக்கியமான எலியின் டி செல்களை ஏற்றினால் அந்தத் தாக்குதல் நடப்பதில்லை. அப்படியானால் அவற்றுக்குள் அடக்கி வைக்கிற செல்கள் இருக்க வேண்டும். ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி அவற்றை 1995-ல் அடையாளம் காட்டினார். 2001-ல் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அது இந்தச் செல்களுக்கு உயிர்நாடி என்பது 2003-ல் தெரிந்தது. அந்த மரபணு பழுதான ஆண் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே சர்க்கரை நோய், ஓயாத பேதி, தோல் அழற்சி எல்லாம் வருகின்றன. மூவருக்கும் 2025-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

இந்த ஒழுங்குபடுத்தும் டி செல்கள் எப்படி அடக்குகின்றன? ஒரு டி செல் தாக்கப் புறப்பட இரண்டு சைகைகள் வேண்டும், பேங்க் லாக்கருக்கு இரண்டு சாவி வேண்டுமே அதுபோல. வேற்றுப் பொருளைக் காட்டும் டென்ட்ரிட்டிக் செல்தான் இரண்டையும் தருகிறது. ஒழுங்குபடுத்தும் செல் அந்த டென்ட்ரிட்டிக் செல்லோடு ஒட்டிக்கொண்டு, இரண்டாம் சைகை தரும் புரதங்களைப் பிய்த்து விழுங்கிவிடுகிறது. போதாததற்கு, தாக்கும் செல்கள் பெருகத் தேவையான இன்டர்லூக்கின்-2 என்ற புரதத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. மற்ற எதிர்ப்புச் செல்களுக்குத் துணை செய்யும் உதவி டி செல்கள் என்ற வகையில் இவை 5 முதல் 10 சதவீதம்தான். ஆனால் செய்கிற வேலை பெரிது.

எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஒழுங்குபடுத்தும் செல்கள் இன்டர்லூக்கின்-2-ஐத் தாங்களே தயாரிப்பதில்லை. மற்ற டி செல்கள் சுரப்பதை நம்பியே பிழைக்கின்றன. டாக்ரோலிமஸ் நிறுத்துவது அந்தச் சுரப்பைத்தான். கிட்னியைக் காப்பாற்றும் அதே மாத்திரை, சமாதானம் செய்யக்கூடிய செல்களையும் பட்டினி போடுகிறது. எதிர்ப்பை அடக்கும் இன்னொரு மருந்தான சிரோலிமஸ் இவற்றை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆனால் அது புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். ஆபரேஷன் ஆன கையோடு கொடுப்பது கஷ்டம்.

அதனால் வேறு வழியையும் முயன்றார்கள். நோயாளியின் ரத்தத்திலிருந்து இந்தச் செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் பெருக்கி, அவருக்கே திரும்ப ஏற்றினார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உறவினரிடமும் பிற உயிருள்ள கொடையாளர்களிடமும் கிட்னி பெற்றவர்களிடம் இப்படிப் பல வகை அடக்கும் செல்களைச் சோதித்த ஆய்வின் முடிவு 2020-ல் வெளிவந்தது. செல் சிகிச்சை பெற்ற 38 பேரில் 15 பேருக்கு, டாக்ரோலிமஸ் ஒன்றே போதும் என்ற அளவுக்கு மருந்தைக் குறைக்க முடிந்தது. வைரஸ் தொற்றும் குறைவாக இருந்தது. ஒரு மாத்திரையாவது குறைவது இவர்களுக்குச் சின்ன விஷயமே இல்லை.

கல்லீரல் மாற்றியவர்களில் தேர்ந்தெடுத்த சிலர் டாக்டர் கண்காணிப்பில் மருந்தை முழுதாகவே நிறுத்தியிருக்கிறார்கள். கிட்னியில் அது மிக அபூர்வம். தயவுசெய்து யாரும் தாங்களாக நிறுத்திப் பார்க்காதீர்கள். உடம்பு கிட்னியைத் தாக்கும் ரிஜெக்‌ஷன் பெரும்பாலும் வலி இல்லாமல்தான் தொடங்கும். கிரியாட்டினின் ஏறும்போது கிட்னி ஏற்கனவே அடிபட்டிருக்கும்.

இப்போது ஒழுங்குபடுத்தும் செல்களுக்கு இலக்கையும் சொல்லிக் கொடுக்கிறார்கள். எச்.எல்.ஏ.-ஏ2 அடையாளம் இல்லாத ஒருவருக்கு அது உள்ள கிட்னியை வைத்தால், உடம்பில் ஏ2 இருக்கும் இடம் அந்தக் கிட்னி மட்டுமே. ஏ2-வைத் தேடிப் பிடிக்கும் புரதத்தைப் பொருத்திய செல்கள் அங்கே போய்ச் சேர்ந்து, அங்கே மட்டும் தாக்குதலை அடக்க வேண்டும். காசநோய்க் கிருமி வந்தால் எதிர்க்கும் சக்தி அப்படியே இருக்க வேண்டும். மனிதர்களிடம் இதன் முதல் கட்டச் சோதனைகள் தொடங்கிவிட்டன.