நாற்பது பவர் மாத்திரையும் நார்மல் ஆகிவிட்ட பிபியும்

பிபி (ரத்த அழுத்தம்) மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டுப் பக்கவாதத்தோடு வந்தவர்களில் இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். அதனால்தான் கிளினிக்கை மூடிய பிறகும் தூக்கம் வராமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

காய்கறி மண்டியில் கணக்கு எழுதுபவர். ஐம்பதைத் தாண்டி இரண்டு மூன்று வயது இருக்கும். விடியற்காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியிருக்கிறது. வாய் கோணிவிட்டது, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாயுப்பிடிப்பாக இருக்கும் என்று வீட்டில் எண்ணெய் தேய்த்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். என்னிடம் தூக்கி வரும்போது மணி பத்தரை, பிபி 220/130. அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். சிடி ஸ்கேனில் மூளைக்குள் ரத்தக்கசிவு. உயிர் பிழைத்துவிட்டார். பேச்சு இன்னும் வரவில்லை.

அவர் மகனிடம் கேட்டேன், "அப்பா மாத்திரை போட்டுக்கிட்டுத்தானே இருந்தார்?"

"இல்லைங்க டாக்டர், ஆறு மாசமா நிறுத்திட்டார். போன தடவை நீங்கதானே பார்த்துட்டு நார்மல்னு சொன்னீங்க?"

ஆமாம், நான்தான் சொன்னேன். அவருடைய நோட்டில் 128/80 என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. நான் 'நார்மல்' என்றது அவர் காதில் 'குணமாகிவிட்டது' என்று விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன். "மாத்திரை நல்லா வேலை செய்யுது, இப்படியே போடுங்க" என்றுதான் இப்போது சொல்கிறேன். இதைப் படிக்கும் இளம் மருத்துவர்களும் அப்படியே சொல்லிப் பாருங்கள்.

மற்ற எதையும் மறந்தாலும் பரவாயில்லை, இந்த ஒன்றை மனதில் வையுங்கள். மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போது மிஷினில் வரும் 128/80, மாத்திரையோடு சேர்ந்த உங்கள் பிபி. அது இல்லாவிட்டால் வேறு எண். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட்டதும் பேப்பர் படிக்க முடிகிறது. கண் சரியாகிவிட்டது என்று கண்ணாடியைத் தூக்கிப் போடுவீர்களா? காய்ச்சல் மாத்திரை மூன்று நாள் சாப்பிட்டு நிறுத்துவது போன்றதல்ல இது. கிருமி செத்தது, வேலை முடிந்தது என்று சொல்ல இங்கே கிருமியே இல்லை. ரத்தக்குழாய் இறுகியிருக்கிறது, மாத்திரை அதைத் தளர்த்திப் பிடிக்கிறது. பிடியை விட்டால் மறுபடி இறுகும்.

இதில் ஏமாற வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. நிறுத்திய மறுநாளே பிபி ஏறிவிடாது. அம்லோடிபின் மாதிரியான மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஒன்றரை இரண்டு நாள் பிடிக்கும். சிலருக்குப் பழைய எண் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். "நிறுத்திட்டுப் பார்த்தேன் டாக்டர், ஒண்ணும் ஆகலை" என்று தைரியம் வருவது அதனால்தான். அடெனோலால் வகை மாத்திரைகள் இதற்கு நேரெதிர். இதய நோய் உள்ளவர்கள் அவற்றைச் சட்டென்று நிறுத்தினால் நெஞ்சுவலி வரை போகலாம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "மாத்திரை போடாம இருந்தா எவ்வளவு இருக்குன்னு தெரியட்டும்னு இன்னைக்குப் போடலை டாக்டர்" என்று பரிசோதனைக்கு வருகிற அன்று மட்டும் நிறுத்திவிட்டு வருவார்கள். தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள். கொடுத்த மருந்து போதுமா என்று பார்க்கத்தான் உங்களை வரச் சொல்வது. போடாமல் வந்து 160 காட்டினால், மருந்து போதவில்லை என்று நான் இன்னொன்றைச் சேர்த்து எழுதிவிடுவேன். சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கும் நாளிலும், வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர, பிபி மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது 'பவர்'. "எனக்கு அஞ்சு பவர்தான் இருந்துச்சு, அந்த டாக்டர் நாற்பது பவர் எழுதிட்டார், பயந்துட்டு வாங்கலை" என்றார் ஒரு அம்மா. அம்லோடிபின் 5 மில்லிகிராம், டெல்மிசார்டான் 40 மில்லிகிராம். இரண்டும் வேறு வேறு மருந்து. ஒன்றின் எடையை இன்னொன்றோடு ஒப்பிட்டு எது பெரியது என்று பார்க்கவே முடியாது. 40 என்பது டெல்மிசார்டானில் வழக்கமான அளவு, அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு அம்லோடிபினில் கால் வீங்கியது, அதனால்தான் மாற்றியிருக்கிறார்கள். காரணத்தைச் சொல்லியிருந்தால் வாங்கியிருப்பார். அந்தக் குறை எங்கள் பக்கம்.

"இங்கிலீஷ் மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்" என்பதைத் தினமும் கேட்கிறேன். கிட்னியைக் கெடுப்பது வருஷக்கணக்கில் அடங்காமல் கிடக்கும் ரத்தக்கொதிப்பு. சர்க்கரையும் இருந்து சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு, கிட்னியைக் காப்பாற்றவே டெல்மிசார்டான் வகையை எழுதுகிறோம். தொடங்கிய சில வாரங்களில் ரத்தத்தில் கிரியாட்டினினும் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்க்க வேண்டும், அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். பயப்பட வேண்டுமென்றால், மூட்டுவலிக்கு மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் டைக்ளோஃபெனாக்குக்குப் பயப்படுங்கள். அது பிபியையும் ஏற்றும், கிட்னியையும் பதம் பார்க்கும்.

கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்கள், டெல்மிசார்டான், எனலாப்ரில் இவற்றில் எதைச் சாப்பிட்டாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையை வாங்கிப் போடக் கூடாது என்று சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

தலை சுற்றினால்தான் பிபி என்று நினைக்காதீர்கள். அந்த மண்டிக்காரருக்கு முதல் நாள் வரை ஒரு தலைவலிகூட இல்லை. 'ரத்தக்கொதிப்பு' என்ற பெயரும் நம்மைக் கெடுக்கிறது. கோபக்காரர்களுக்கு வருவது, நான் சாதுவான ஆள், எனக்கு எப்படி என்று கேட்கிறார்கள். 2020ல் தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெப்ஸ் என்ற, பிபி, சர்க்கரை போன்ற தொற்றாத நோய்களுக்கான கணக்கெடுப்பில், 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 34 பேர் அளவில் இந்த நோய் இருந்தது. அவர்களில் பிபி கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு 7 பேர் அளவுதான். இத்தனை பேரும் கோபக்காரர்களா என்ன?

ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா என்றால், பெரும்பாலானவர்களுக்கு ஆமாம். எடையைக் குறைத்து, உப்பைக் குறைத்து, தினமும் நடந்தவர்களுக்கு நானே மாத்திரையைக் குறைத்திருக்கிறேன். ஓரிருவருக்கு நிறுத்தியும் இருக்கிறேன். மாதாமாதம் அளந்து பார்த்துப் படிப்படியாகச் செய்தது அது. உப்பு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோரில் போடுவது எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். இந்துப்பும் உப்புதான். விலை கூடுதல் என்பதற்காகப் பிபி அதை விட்டுவைக்காது.

வீட்டில் மிஷின் வாங்கினால் மேற்கையில் கட்டும் வகையாக வாங்குங்கள். காபி குடித்த கையோடு பார்க்காதீர்கள். சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல் பாருங்கள். வீட்டில் 135/85க்குக் கீழே இருக்க வேண்டும். எண்களை எழுதி வைத்துக் கொண்டுவாருங்கள். காலி அட்டையையும் கொண்டுவாருங்கள், "வெள்ளையா, ரவுண்டா இருக்கும்" என்று மட்டும் சொன்னால் எனக்குத் தெரியாது.

காசில்லாமல் நிறுத்தியவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போகும். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த மாத்திரைகள் இலவசம். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே கொண்டுவந்து தர 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது, உங்கள் ஊர் செவிலியரிடம் பெயரைச் சொல்லுங்கள். கவர்மெண்ட் மாத்திரை கேட்காது என்று சொல்பவரை நம்பாதீர்கள். அங்கே தருவதும் அதே அம்லோடிபின்தான்.

வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க வராவிட்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. எண்ணெய் வேண்டாம், வாயில் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். பிபியைச் சட்டென்று இறக்குகிறேன் என்று நாக்கடியில் எதையும் வைக்க வேண்டாம். ரத்தக்கட்டியா கசிவா என்று ஸ்கேன்தான் சொல்லும். கட்டியாக இருந்தால், கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கடைசியாக அவர் நன்றாக இருந்தபோது மணி எத்தனை என்பதுதான் அங்கே கேட்கும் முதல் கேள்வி. அதைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.