ரெய்டில் பிடிபட்ட பெண் குற்றவாளியா? சட்டம் சொல்வது என்ன

“ஸ்பாவில் விபசாரம், 4 அழகிகள் மீட்பு” என்று செய்தி வரும். பக்கத்திலேயே, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வேனில் ஏறும் பெண்களின் படமும் இருக்கும். மீட்கப்பட்டவரை எதற்காகப் படம் எடுக்கிறார்கள்? அந்தப் பெண் குற்றவாளியா, பாதிக்கப்பட்டவரா என்ற குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இதற்கான சட்டம் 1956-ல் வந்த ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம். வயது வந்த ஒரு பெண் தன் விருப்பப்படி, தனி இடத்தில் பாலியல் தொழில் செய்வதை இந்தச் சட்டம் குற்றம் என்று சொல்லவில்லை. அதைச் சுற்றியுள்ள மற்றவை பெரும்பாலும் குற்றம். விபசார விடுதி நடத்தினால் முதல் முறையே 1 முதல் 3 ஆண்டு வரை கடுங்காவல். ஆள் பிடித்துக் கொடுத்தால் 3 முதல் 7 ஆண்டு. தெருவில் நின்று அழைத்தாலும், கோயில், பள்ளி, மருத்துவமனையிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் செய்தாலும் அந்தப் பெண் மீதே வழக்கு வரும்.

வெளியே ஸ்பா, சலூன், லாட்ஜ் என்று எந்தப் போர்டு தொங்கினாலும் சரி, உள்ளே நடப்பதுதான் கணக்கு. இன்னொருவர் லாபத்துக்காக நடந்தால் அது விபசார விடுதி. இரண்டு பெண்கள் தங்கள் இருவரின் லாபத்துக்காக ஒரே அறையில் தொழில் செய்தாலும் விடுதிதான்! துணைக்கு ஒருத்தி இருந்தால் பாதுகாப்பு என்று சேர்ந்து வாடகைக்கு எடுத்தவர்களும் இதில் மாட்டுகிறார்கள். அம்மாவின் இந்த வருமானத்தில் படிக்கும் பிள்ளைகூட, 18 வயது தாண்டிவிட்டால், தெரிந்தே அதில் வாழ்கிறார் என்று 2 ஆண்டு வரை தண்டனைக்கு ஆளாகலாம். எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

ஸ்பா என்றாலே சந்தேகப்படவும் சட்டம் இடம் தரவில்லை. 2021 இறுதியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், ஸ்பாக்களில் சிசிடிவி கேமரா வைக்கச் சொன்னார். 2022 ஜனவரியில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அது அந்தரங்க உரிமையைப் பறிக்கும் என்று தீர்ப்பளித்தார்.

அப்புறம், 2022 மே 19 அன்று வந்த உச்ச நீதிமன்ற உத்தரவு. விரும்பித் தொழில் செய்யும் பெண்ணை ரெய்டில் கைது செய்யக் கூடாது என்று கோர்ட்டே உத்தரவிட்டதாகப் பலர் நம்புகிறார்கள். அது கோர்ட் அமைத்த குழுவின் பரிந்துரை. மத்திய அரசு தயக்கம் காட்டியதால், உடனே பின்பற்ற வேண்டியவற்றில் அது சேரவில்லை. சேர்ந்தவையும் சின்ன விஷயங்கள் இல்லை. கைப்பையில் இருந்த ஆணுறையைக் குற்றத்துக்கு ஆதாரமாகக் காட்டக் கூடாது. பெயரோ படமோ ஊடகத்தில் வரக் கூடாது. பாலியல் வன்முறைக்கு ஆளானால் உடனே சிகிச்சை தர வேண்டும். விருப்பத்துக்கு மாறாகக் காப்பகத்தில் வைத்திருக்கும் வயது வந்த பெண்களைக் கணக்கெடுத்து, விடுவிக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்.

பாலியல் தொழில் செய்பவரிடம் முகவரிச் சான்று இல்லாவிட்டாலும் ஆதார் உண்டு. மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநர் தரும் சான்று போதும். என்ன தொழில் என்று காட்டும் எந்தக் குறியீடும் அட்டையில் இருக்கக் கூடாது.

வழக்கு வந்தால், 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைத்து இலவச வக்கீல் கேட்கலாம். பெண் என்பதே அதற்குத் தகுதி. வருமானச் சான்று தேவையில்லை.