சேர்த்தி: ‘இன்க்ளூஷன்’ என்பதற்கு நம் வீட்டுச் சொல்

திருகோணமலையில் நான் வேலை பார்த்த இடத்தில் மாதச் சீட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பேர், ஆளுக்கு 5,000 ரூபாய். புதிதாக வந்த பிள்ளை தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, தாய் தகப்பனோடு ஊர் திரும்பியவள். நாங்கள் ‘வெளிக்கிடுவம்’ என்போம். அவள் ‘கிளம்பலாங்க’ என்பாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அடுத்த சுற்றுக்குப் பெயர் எழுதியது நான். அவள் பெயரை விட்டுவிட்டேன். வேண்டுமென்று விடவில்லை, நினைவே வரவில்லை. “அங்க அகதி, இங்க இந்தியாக்காரி. சீட்டுல நான் சேர்த்தி இல்லையாக்கா?” என்று கேட்டாள்.

‘அகதி’ வடசொல். கதி என்றால் வழி, புகல். அது இல்லாதவர் அகதி. தனித்தமிழில் ‘ஏதிலி’ என்கிறோம். சட்டப்படி அந்தப் பெயர் நாட்டைவிட்டு வெளியேறியவருக்கே உரியது. திரும்பி வந்தபின் அது தீர்ந்துவிட வேண்டும். அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 17ஆம் உறுப்புரை சம்பளத்துக்கு வேலை செய்யும் உரிமையைப் பேசுகிறது. இந்தியாவும் இலங்கையும் அதில் இன்றுவரை சேரவில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். வேலைத்தலங்களில் யாரையும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்வதைச் சொல்ல இப்போது அடிக்கடி அடிபடும் ‘இன்க்ளூஷன்’ (inclusion) லத்தீனில் இருந்து வந்தது. அங்கே அதன் பொருள் உள்ளே வைத்து அடைத்தல். நம் அலுவலகத் தமிழில் உட்படுத்தல், உள்வாங்கல், உள்ளீர்ப்பு என்று எழுதுகிறார்கள். உள்ளீர்ப்பு கிழக்கில் நன்றாகப் பழகிய சொல். தொண்டர் ஆசிரியர்களை நிரந்தர சேவைக்கு ‘உள்ளீர்க்க’ வேண்டும் என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! நியமனக் கடிதத்துக்கு அது போதும். ஆனால் மண் உள்ளீர்த்த தண்ணீரைப் பிறகு தனியாகக் காண முடியாது. ‘கிளம்பலாங்க’ போய் ‘வெளிக்கிடுவம்’ வந்தால்தான் நம் ஆள் என்பது அந்த வகை.

வேலைத்தலங்களை ஆராயும் லின் ஷோரும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் இதைத் தெளிவாக்கினார்கள். குழுவில் ஒருவராக உணர வேண்டும், தன் தனித்தன்மையும் மதிக்கப்பட வேண்டும்; இரண்டும் இருந்தால்தான் அது இன்க்ளூஷன். முதலாவது மட்டும் என்றால் அது கரைத்துவிடுதல்.

இந்த இரண்டையும் தாங்கும் சொல்லை அந்தப் பிள்ளையே சொல்லிவிட்டாள் என்று நினைக்கிறேன். நேர் என்பதிலிருந்து நேர்த்தி போல, சேர் என்பதிலிருந்து சேர்த்தி. ‘இது கணக்கில் சேர்த்தியா?’ என்று வீட்டில் கேட்கிறோம். திருவரங்கத்தில் பங்குனி உத்திரத்தன்று பெருமாளும் தாயாரும் ஒன்றாக அமர்வதும் சேர்த்திதான். பக்கத்தில் இருந்தும் இருவரும் இருவராகவே இருக்கிறார்கள். ‘மாணடி சேர்ந்தார்’ என்ற குறளுக்குப் பரிமேலழகர் சொன்ன உரை இன்னும் நெருக்கமானது: சேர்தல் என்றால் இடைவிடாது நினைத்தல். நான் சீட்டில் விட்ட பிழை அந்த நினைப்பு இல்லாத பிழை.

வேலை மீதான மனப்பாங்கும் இதைத் தொட்டே நிற்கிறது. மேயர், அலன் என்ற இரு ஆய்வாளர்கள் 1991இல் நிறுவனப் பற்றை மூன்றாகப் பிரித்தார்கள்: விரும்பி இருப்பது, விட்டால் நட்டம் என்று இருப்பது, கடமை என்று இருப்பது. கையில் வேறொன்றும் இல்லாமல் வந்தவர் இரண்டாவதிலேயே காலம் முழுக்க நிற்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல ஊழியர், ஒரு நாளும் லீவு எடுக்காதவர். உள்ளே விருப்பம் இருக்காது. அது வருவதற்குச் சம்பளத்தோடு சேர்த்தியும் வேண்டும்.

அப்புறம் அந்தப் பட்டியலைக் கிழித்துப் புதிதாக எழுதினோம். பதின்மூன்று பேர் ஆனோம். யாருக்கு எந்த மாதம் என்று கேட்டு வந்தபோது எல்லோரும் முன்மாதங்களுக்கு அடிபட்டார்கள். அவள் பதின்மூன்றாம் மாதத்தைக் கேட்டாள்.