வேப் கருவியில் வோல்ட், ஓம், வாட்: நுரையீரலுக்குள் எவ்வளவு போகிறது?

புதுச்சேரியில் நெஞ்சக நோய் மருத்துவராக இருக்கிறேன். இருமல், மூச்சிரைப்பு என்று வரும் இளைஞர்களிடம் சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்டால் "இல்லை டாக்டர்" என்று உடனே பதில் வரும். வேப், அதாவது மின் சிகரெட், உண்டா என்றால் சிறிது நேரம் கழித்துத் தலையசைப்பார்கள். கூடவே, "நிகோடின் கம்மியானதுதான் டாக்டர், மூணு பர்சன்ட்" என்று ஒரு எண்ணையும் சொல்வார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு என்னால் எதையும் முடிவு செய்ய முடியாது. காயில் (கருவிக்குள் சூடாகும் சுருள் கம்பி) எத்தனை ஓம், எத்தனை வாட்டில் இழுக்கிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை மில்லி ஜூஸ் (ஆவியாக்கி இழுக்கும் நிகோடின் திரவம்) தீர்கிறது என்பவையும் தெரிந்தால்தான் அவர்கள் நுரையீரலுக்குள் என்ன போகிறது என்று ஓரளவாவது கணிக்க முடியும்.

கடலூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவர் வந்திருந்தார். வயது இருபதுகளின் நடுவில். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) முதலில் அவர் வைத்திருந்தது சின்ன பாட் கருவி (ஜூஸ் அடங்கிய சிறு குப்பியை மாட்டி இழுப்பது). 1.2 ஓம் காயில், பதினொரு வாட் அளவு, மில்லிக்கு 50 மில்லிகிராம் நிகோடின் கொண்ட ஜூஸ், நாளுக்கு இரண்டு மில்லி. பழக்கத்தைக் குறைக்க நினைத்து, ஒரு நண்பர் சொன்னபடி பெரிய கருவிக்கு மாறினார். 0.2 ஓம் காயில், அறுபது வாட். ஜூஸில் நிகோடின் 6 மில்லிகிராம்தான். "ஐம்பதிலிருந்து ஆறுக்கு வந்துட்டேன் டாக்டர், ஆனா இருமல் முன்னைவிட அதிகமா இருக்கு" என்றார்.

எத்தனை மில்லி தீர்கிறது என்று கேட்டேன். பன்னிரண்டு என்றார். கணக்கைப் பாருங்கள். முன்பு 2 மில்லியை 50-ஆல் பெருக்கினால் 100 மில்லிகிராம். இப்போது 12 மில்லியை 6-ஆல் பெருக்கினால் 72 மில்லிகிராம். இது முழுவதும் ரத்தத்தில் சேராது என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் கணக்கு போதும். நிகோடின் ஏறக்குறைய கால் பங்குதான் குறைந்திருக்கிறது. நுரையீரலுக்குள் போகும் கிளிசரினும் ஃப்ளேவர் ரசாயனங்களும் ஆறு மடங்காகிவிட்டன. இருமல் கூடியதில் வியப்பில்லை. இது அவருடைய கவனக்குறைவும் இல்லை. நிகோடின் குறைந்தால் உடம்பு அதை வேறு வழியில் ஈடு செய்யப் பார்க்கும். இழுப்பு நீளும், எண்ணிக்கை கூடும், கை தானாகவே வாட்டை ஏற்றும்.

சரி, இந்த வாட் எங்கிருந்து வருகிறது?

வேப் கருவி எந்த வடிவில் இருந்தாலும் உள்ளே ஒரு லித்தியம் அயான் பேட்டரி, காயில் என்கிற சுருள் கம்பி, கம்பியை ஒட்டி ஜூஸில் ஊறிய பஞ்சு இருக்கும். கம்பி சூடாகும், பஞ்சிலுள்ள ஜூஸ் ஆவியாகும். வெளியே வருவதை நீராவி என்று பலர் நினைக்கிறார்கள். அது புரொப்பலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோடின், ஃப்ளேவர் ஆகியவற்றின் நுண்துளிகள்.

கம்பி எவ்வளவு சூடாகும் என்பதற்குப் பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதியே போதும். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட். 3.7 வோல்ட் பேட்டரியில் 1.2 ஓம் காயிலை மாட்டினால் சுமார் 11 வாட். அதே பேட்டரியில் 0.6 ஓம் என்றால் 23 வாட், 0.3 ஓம் என்றால் 46 வாட். மின்தடை பாதியானால் வெப்பம் இரு மடங்கு. வோல்ட்டின் விளைவு இன்னும் கடுமையானது. அது ஒன்றரை மடங்கானால் வெப்பம் இரண்டேகால் மடங்காகும், இரு மடங்கானால் நான்கு மடங்காகும். கருவியில் ஒரு பொத்தானைச் சில முறை அழுத்துபவருக்கு இது தெரிவதில்லை. திரையில் எண் கொஞ்சம்தானே மாறுகிறது என்று நினைத்துவிடுகிறார்.

எளிய கருவிகளில் பேட்டரி நேராகக் காயிலோடு இணைந்திருக்கும். முழுதாகச் சார்ஜ் ஆன லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட் தரும். தீரும் நேரத்தில் அது 3.4 அளவுக்கு இறங்கும். அப்போது கிடைக்கும் வாட், முதலில் கிடைத்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். புகை மெலிகிறது என்று பயனர் இன்னும் நீளமாக இழுப்பார். சிப் உள்ள கருவிகள் வேறு மாதிரி. நீங்கள் வைத்த வாட்டைக் கடைசி வரை தர, பேட்டரியின் வோல்ட் இறங்க இறங்க அதிலிருந்து கூடுதல் ஆம்பியரை இழுக்கும். அந்த விஷயத்துக்குக் கீழே வருகிறேன்.

கம்பியின் வெப்பத்துக்கு ஜூஸ்தான் கடிவாளம். புரொப்பலீன் கிளைக்காலின் கொதிநிலை 188 டிகிரி செல்சியஸ், கிளிசரினுக்கு 290. கம்பி தரும் வெப்பத்தை ஜூஸ் ஆவியாகும்போது எடுத்துக்கொள்வதால், பஞ்சு ஈரமாக இருக்கும்வரை வெப்பநிலை கட்டுக்குள் நிற்கும். பஞ்சு கொண்டுவரும் வேகத்தைவிட வாட் எரிக்கும் வேகம் கூடினால் கம்பியைச் சுற்றி வறண்டுவிடும். அதற்கு மேல் வெப்பநிலை தாறுமாறாக ஏறும். கிளிசரின் ஆவியாகாமல் சிதையத் தொடங்கும். ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அக்ரோலின் என்ற நச்சுகள் இப்படித்தான் உருவாகின்றன. வாணலியில் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்து புகையும்போது கண்ணையும் தொண்டையையும் கரிக்கும் நெடியில் இருப்பதும் இந்த அக்ரோலின்தான். சமையலறையில் ஜன்னலைத் திறந்துவிட்டு விலகிப்போகிறோம். இங்கே அதையே நேராக நுரையீரலுக்குள் இழுக்கிறார்கள். ஃபார்மால்டிஹைடோ, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருப்பது.

2014-ல் வெளியான ஒரு ஆய்வில் கருவியின் வோல்ட்டை 3.2-லிருந்து 4.8-க்கு ஏற்றிப் பார்த்தார்கள். ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அசிட்டோன் ஆகியவற்றின் அளவு 4 மடங்கிலிருந்து 200 மடங்குக்கும் மேல் வரை கூடியது. மேலே சொன்ன கணக்குப்படி வெப்பம் கூடியது இரண்டேகால் மடங்குதான். நச்சு அதைப் பின்தொடர்ந்து சீராக ஏறவில்லை, ஓர் எல்லை தாண்டியதும் பாய்ந்திருக்கிறது. மறு ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வுக் கடிதமும் இதே திசையில்தான் இருந்தது: 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடை வெளியிடும் சேர்மங்கள் தென்படவில்லை, 5 வோல்ட்டில் தென்பட்டன.

இதற்கு ஒரு மறுப்பும் வந்தது. அந்த வெப்பத்தில் கருகல் சுவை தாங்க முடியாமல் இருக்கும், எந்தப் பயனரும் அப்படி இழுக்க மாட்டார் என்றார்கள். நியாயமான வாதம்தான். முழுக்கக் கருகிய ஒரு இழுப்பை யாரும் இரண்டாவது முறை இழுப்பதில்லை. ஆனால் என் அறையில் நான் கேட்பது பாதி கருகல் பற்றி. "காயில் மாத்தணும், கொஞ்சம் கருகுது, ஆன்லைன்ல வர லேட்டாகுது" என்று சொல்லியபடியே ஒரு வாரம் அதே காயிலில் இழுத்தவர்கள் வருகிறார்கள். மாம்பழம், ஐஸ் போன்ற ஃப்ளேவர்களின் இனிப்பும் குளிர்ச்சியும் லேசான கருகலை மறைத்துவிடும். இனிப்பூட்டி காயிலில் கரியாகப் படிந்து பஞ்சின் உறிஞ்சலையும் குறைத்துவிடும். நாக்கை நம்பி இருப்பது போதாது.

அதிக வாட் என்றாலே அதிகச் சூடு என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பெரிய காயிலின் பரப்பில் பரவும் 40 வாட்டைவிட, சின்னஞ்சிறு காயிலில் குவியும் 15 வாட் அதிகச் சூட்டைத் தரலாம். காயிலின் பரப்பு, பஞ்சின் தன்மை, காற்று வரும் துளை எல்லாம் சேர்ந்துதான் வெப்பநிலையை முடிவு செய்கின்றன. பெரிய கருவியில் சூடு குறைவாகவே இருந்தாலும் ஒரு இழுப்பில் உள்ளே போகும் துளிகளின் அளவு பல மடங்கு. அதுவும் வாயில் நிறுத்தாமல் நேராக நெஞ்சுக்குள் இழுக்கும் முறையில். ஆகவே சின்னக் கருவி பாதுகாப்பானது, பெரியது ஆபத்தானது, அல்லது அதற்கு நேர்மாறு என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இரண்டையுமே பாதுகாப்பானதாகச் சொல்ல மாட்டேன்.

நிகோடின் அளவும் இப்படித்தான் அமைப்போடு ஆடுகிறது. 2015-ல் வந்த ஓர் ஆய்வில் வோல்ட், ஜூஸின் செறிவு, இழுப்பின் நீளம் ஆகியவற்றை மாற்றிப் பார்த்தபோது, 15 இழுப்புகளில் கிடைத்த நிகோடின் 50 மடங்குக்கும் மேல் வேறுபட்டது. நிகோடின் சால்ட் (உப்பு வடிவ நிகோடின்) ஜூஸ் தொண்டையைக் குத்தாது. அதனால்தான் மில்லிக்கு 50 மில்லிகிராம் வரை போட முடிகிறது. அது ஒரு ஓமுக்கு மேற்பட்ட சின்ன பாட்களை நினைத்துத் தயாரிப்பது. தெரியாமல் அதை 0.2 ஓம் கருவியில் ஊற்றி இழுத்துவிட்டு, வாந்தி, தலைச்சுற்றல், வியர்வை, படபடப்போடு இரவில் அவசரப் பிரிவுக்கு வரும் கல்லூரி மாணவர்கள் உண்டு. உணவு நஞ்சானது என்று வீட்டில் நினைப்பார்கள்.

கம்பியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காயில்களில் நிக்கல், குரோமியம் கலந்த உலோகக் கலவைகள் பரவலாக இருக்கின்றன. 2018-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 56 பயனர்களின் கருவிகளைச் சோதித்தார்கள். பாட்டில் ஜூஸில் மிகக் குறைவாக இருந்த ஈயம், நிக்கல், குரோமியம் போன்றவை, காயிலைத் தொட்டு வந்த ஆவியில் கணிசமாகக் கூடியிருந்தன.

இப்போது அதிகம் வருவது டிஸ்போசபிள், அதாவது தீர்ந்ததும் தூக்கிப்போடும் கருவி. வார இறுதிக்குப் புதுச்சேரி வந்த நண்பர்கள் விட்டுப்போனது என்றுதான் பெரும்பாலும் கதை தொடங்கும். இதில் ஓமும் வாட்டும் பயனருக்குத் தெரியவே தெரியாது. சிலவற்றில் இரண்டு காயில்கள் இருக்கும். பூஸ்ட் என்று ஒரு வசதி வைத்திருப்பார்கள். அதைப் போட்டால் இரண்டும் சேர்ந்து எரியும். கட்டுப்பாடு தன் கையில் இருப்பதாக நினைக்கும் பையன், உண்மையில் அளவே தெரியாத ஒன்றை இரட்டிப்பாக்குகிறான்.

பேட்டரிக்கு வருகிறேன். சிப்காட் தம்பிக்கு மின்சாரம் நன்றாகவே தெரியும். காயிலைத் தானே சுற்றுவார். அவர் மாட்டியிருந்தது பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தெடுத்த 18650 செல் (உருளை வடிவ லித்தியம் செல்). முழு சார்ஜில் 4.2 வோல்ட்டை 0.2 ஓமால் வகுத்தால் 21 ஆம்பியர். நல்ல உயர்மின்னோட்ட செல்களே தொடர்ந்து 20, 25 ஆம்பியர் தரத்தான் வடிவமைக்கப்பட்டவை. லேப்டாப் செல்கள் அதில் பாதியைக்கூடத் தாங்கப் பிறந்தவை அல்ல. அளவுக்கு மீறி இழுத்தால் செல் உள்ளே சூடாகி, அந்தச் சூடே மேலும் சூட்டை உண்டாக்கி, தீயோ வெடிப்போ நிகழும். சிப் உள்ள கருவியும் இதற்கு விலக்கில்லை. 40 வாட்டுக்கு முழு சார்ஜில் சுமார் 9.5 ஆம்பியர் போதும், 3.4 வோல்ட்டுக்கு இறங்கியதும் 11.8 வேண்டும். தேய்ந்த செல் கடைசி நேரத்தில்தான் அதிகச் சுமையைச் சுமக்கிறது.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் அறிக்கை, 2009 முதல் 2016 வரை அந்நாட்டில் செய்திகளில் வந்த வேப் தீ, வெடிப்புச் சம்பவங்களை 195 என்று தொகுத்திருக்கிறது. அவற்றில் கணிசமானவை பேன்ட் பாக்கெட்டில் நடந்தவை. தனி செல்லைச் சாவியோடும் சில்லறையோடும் பாக்கெட்டில் போட்டால் உலோகம் இரு முனைகளையும் இணைத்துவிடும். மின்தடை ஏறக்குறைய பூஜ்யம், மின்னோட்டம் கட்டுக்கடங்காது. அக்னி நட்சத்திர வெயிலில் பைக் சீட்டுக்கு அடியில் கருவியை வைத்துவிட்டு பீச் ரோட்டில் உட்காரும் வழக்கமும் வேண்டாம்.

சுட்டுவிட்டால் எரிந்த துணியை அகற்றி, குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் காயத்தின் மேல் ஓடவிடுங்கள். பற்பசை, இங்க், மாவு எதுவும் தடவாதீர்கள். மருத்துவமனையில் பேட்டரி வெடித்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். உள்ளிருந்து சிதறும் ரசாயனத்தாலும் தோல் வெந்திருக்கலாம், அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். ஜூஸ் பாட்டிலைக் குழந்தை வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், பாட்டிலோடு உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். செறிவு அதிகமான ஜூஸ் மிகச் சிறிய அளவிலும் குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

இந்தியாவில் 2019 முதல் மின் சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் எல்லாம் சட்டப்படி தடை. விற்பவருக்கு முதல் முறை ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதை நான் நோயாளிகளை மிரட்டச் சொல்வதில்லை. மறைவாகக் கைமாறும் பொருளின் உறையில் அச்சிட்ட 0.8 ஓம், 2 சதவீதம் என்பதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன். மேலே போட்ட கணக்குகள் எல்லாம் அந்த எண்கள் உண்மையாக இருந்தால் மட்டுமே சரி.

பெற்றோர் சிலர் பையைச் சோதித்துக் கருவியைப் பிடுங்கி உடைத்துவிட்டுப் பிள்ளையை அழைத்துவருகிறார்கள். பேட்டரி உள்ள பொருளை உடைப்பது தீ விபத்துக்கு வழி. அதோடு, நாளுக்கு நூறு மில்லிகிராம் நிகோடின் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல் வரும். பிள்ளை திமிராகப் பேசுகிறான் என்று அப்போது அடிக்காதீர்கள். நாளுக்கு எத்தனை மில்லி தீர்ந்தது என்று தெரிந்தால், நிகோடின் சூயிங்கம்மோ பேட்சோ எந்த அளவில் தொடங்கலாம், எத்தனை வாரத்தில் குறைக்கலாம் என்று மருத்துவர் திட்டமிட முடியும். நேரில் வரத் தயங்குபவர்கள் தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356-ஐ அழைக்கலாம், கட்டணம் இல்லை. ஆஸ்துமா உள்ளவர்கள், இருமலோடு காய்ச்சலோ மூச்சுத் திணறலோ இருப்பவர்கள் மட்டும் தொலைபேசியோடு நிறுத்தாமல் அன்றைக்கே நேரில் வந்து ஆக்சிஜன் அளவைப் பார்த்துவிடுங்கள்.