மார்கழிக் குளிரிலும் வேர்ப்பது ஏன்?

"தெர்மாமீட்டர் 98தான் காட்டுது, ஆனா உடம்பு தீயா எரியுது. மார்கழி மாசம், வீட்ல எல்லாரும் போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குறாங்க. நான் மட்டும் ராத்திரி மூணு மணிக்கு நைட்டி நனைஞ்சு எழுந்து உக்காந்திருக்கேன். அஞ்சு நிமிஷத்துல குளிர ஆரம்பிச்சுடுது. தெர்மாமீட்டர் பொய் சொல்லுதா, இல்ல என் உடம்பு பொய் சொல்லுதா?"

48 வயது வாசகி ஒருவர் கேட்ட கேள்வி இது. கடைசியாக மாதவிடாய் வந்து எட்டு மாதம் ஆகிறதாம். உடம்புச் சூடு என்று பக்கத்தில் சொன்னதைக் கேட்டு வெந்தயம் ஊறவைத்துக் குடித்திருக்கிறார், எண்ணெய் தேய்த்துக் குளித்திருக்கிறார், இளநீருக்கும் மோருக்கும் குறைவில்லை. எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் "நீயா எதையாவது நினைச்சுக்கிற" என்று சொல்லிவிட்டாராம். அந்த ஒரு வரிதான் என்னை இதை எழுத வைத்தது.

தெர்மாமீட்டரும் பொய் சொல்லவில்லை, அவர் உடம்பும் பொய் சொல்லவில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் இதில் அழகான விஷயம்.

பள்ளிக்கூடத்தில் படித்ததை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். பெண் குழந்தை பிறக்கும்போதே சினைப்பையில் 10 லட்சத்துக்கு மேல் முட்டைகள் இருக்கும். புதிதாக எதுவும் உருவாகாது, இருப்பது கரைந்துகொண்டே போகும். முட்டையைச் சுற்றியிருக்கும் செல்கள்தான் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரப்பவை என்பதால் முட்டை தீரும்போது ஈஸ்ட்ரோஜனும் வற்றுகிறது. தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால் மெனோபாஸ் என்று சொல்கிறோம். மேலை நாடுகளில் சராசரியாக 51 வயது, நம் ஊரில் 46, 47 வாக்கிலேயே வந்துவிடுகிறது. நின்றுபோவதற்கு முந்தைய சில வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் ஒரேயடியாக இறங்காமல் ஏறி இறங்கி ஆட்டம் காட்டும், இந்த வாசகி இப்போது இருப்பது அந்தக் கட்டத்தில்.

சரி, சினைப்பை வயிற்றில் இருக்கிறது. வேர்ப்பது எதனால்?

நம் மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் உடம்பின் வெப்பத்தைக் காவல் காக்கும் ஒரு பகுதி உண்டு. அது ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு வைத்திருக்கிறது. மேல் கோட்டைத் தாண்டினால் வேர்க்க வைக்கும், கீழ்க் கோட்டுக்குக் கீழே போனால் நடுங்க வைக்கும், நடுவில் இருந்தால் கண்டுகொள்ளாது. டெட்ராய்ட்டில் உள்ள வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃப்ரீட்மேன் என்ற ஆய்வாளர், விழுங்கக்கூடிய மாத்திரை வடிவ வெப்பமானியைக் கொண்டு இந்த இடைவெளியை அளந்தார். மாதவிடாய் நின்றும் வேர்வைத் தொல்லை இல்லாத பெண்களுக்கு இரண்டு கோடுகளுக்கும் நடுவே சுமார் 0.4 டிகிரி செல்சியஸ் இடம் இருந்தது. தொல்லை இருந்தவர்களுக்கோ கிட்டத்தட்ட பூஜ்யம். இரண்டு கோடுகளும் ஒன்றோடு ஒன்று ஒட்டியே போய்விட்டன!

இப்போது நினைத்துப் பாருங்கள். அடுப்படியில் ஒரு நிமிடம் நின்றாலோ, சூடாக ஒரு வாய் காபி குடித்தாலோ, போர்வைக்குள் லேசாகக் கதகதப்பு ஏறினாலோ உடம்பின் உள்வெப்பம் ஒரு துளி உயரும். மற்றவர்களுக்கு அது நடு இடத்திலேயே அடங்கிவிடும், இவருக்கு மட்டும் மேல் கோட்டைத் தொட்டுவிடும். தொட்டதும் மூளை முழு ஏற்பாட்டையும் இறக்கிவிடுகிறது: தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன, உள்ளேயிருந்த சூடான ரத்தம் முகத்துக்கும் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் பாய்கிறது, இதயம் படபடக்கிறது, குப்பென்று வேர்க்கிறது. தோல் எரிகிறது என்பது முழு உண்மை. ஆனால் உடம்பின் உள்ளே வெப்பம் ஏறவில்லை, வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறது. சில நிமிடத்தில் உள்வெப்பம் இறங்கிக் கீழ்க் கோட்டையும் தாண்டிவிடுவதால்தான் உடனே நடுங்குகிறது.

காய்ச்சலோடு ஒப்பிட்டால் இன்னும் நன்றாகப் புரியும். காய்ச்சல் ஏறும்போது மூளை கோடுகளை மேலே தூக்கிவிடுகிறது, அதனால் உடம்பு கொதித்தாலும் நமக்குக் குளிர்கிறது, கம்பளி கேட்கிறோம். மாத்திரை போட்டுக் காய்ச்சல் விடும்போது கோடு இறங்கிவிடும், அப்போது தொப்பலாக வேர்க்கும் இல்லையா? மெனோபாஸ் வேர்வை என்பது வராத காய்ச்சல் விடுவது போலத்தான். வெப்பம் கூடவில்லை, மேல் கோடு இறங்கியிருக்கிறது. இளநீர் உடம்புக்கு நல்லதுதான், ஆனால் மூளையில் இறங்கிய கோட்டை அது தூக்கி நிறுத்தாது.

கோட்டை இறக்கியது யார்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1990இல் நவோமி ரான்ஸ் என்ற நரம்பு நோயியல் நிபுணரும் அவருடைய குழுவினரும் இறந்துபோன பெண்களின் மூளைகளை நுண்ணோக்கியில் பார்த்து ஒரு விசித்திரத்தை எழுதினார்கள். மாதவிடாய் நின்ற பெண்களின் ஹைப்போதலாமஸில் ஒரு குறிப்பிட்ட நரம்பணுக் கூட்டம் உப்பிப் பெரிதாகியிருந்தது. வயதானால் மூளையில் செல்கள் சுருங்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள், இவை வீங்கியிருந்தன. அவற்றில் ஈஸ்ட்ரோஜனை உணரும் வாங்கிகள் இருந்தன. நியூரோகைனின் பி என்ற வேதிப்பொருளை அவை மிக அதிகமாகத் தயாரித்துக்கொண்டிருந்தன என்பதை அடுத்த வருடமே காட்டினார்கள்.

இந்த நரம்பணுக்களுக்குப் பின்னாளில் கேண்டி என்று பெயர் வந்தது. கிஸ்பெப்டின், நியூரோகைனின் பி, டைனார்ஃபின் என்று மூன்று பொருள்களைச் செய்வதால் அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். (கிஸ்பெப்டினும் மிட்டாய்ச் சம்பந்தம் உள்ளதுதான். அதன் மரபணுவைக் கண்டுபிடித்தது அமெரிக்காவின் ஹெர்ஷி என்ற ஊரில், அது கிஸ்ஸஸ் சாக்லேட்டுக்குப் பெயர்போன ஊர்.) இந்த அணுக்களின் உண்மையான வேலை வேறு. நியூரோகைனின் பி முடுக்கும், டைனார்ஃபின் பிரேக் போடும், இந்த இரண்டின் தாளத்தில் கிஸ்பெப்டின் விட்டுவிட்டு வெளியேறி, கடைசியில் சினைப்பைக்கு "முட்டையைத் தயார் செய்" என்ற கட்டளை போகும். சினைப்பை பதிலுக்கு ஈஸ்ட்ரோஜனை அனுப்பும், அந்தப் பதில் கிடைத்ததும் இவை அடங்கும்.

சினைப்பை ஓய்ந்த பிறகு பதில் வருவதில்லை. பதில் வராததால் இவை இன்னும் உரக்கக் கூப்பிடுகின்றன, கூப்பிட்டுக் கூப்பிட்டு உப்பிப்போகின்றன. வெப்பத்தைக் காவல் காக்கும் பகுதியோ பக்கத்திலேயே இருக்கிறது, இவற்றின் நரம்பிழைகள் அங்கேயும் போய்ச் சேர்கின்றன. கோயில் திருவிழாவுக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கர் கோயிலுக்கு மட்டுமா கேட்கிறது? பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் கேட்டுத்தானே தீரும். சினைப்பைக்குப் போட்ட சத்தம் வெப்பக் காவலரின் காதில் விழுந்து, அவர் கோட்டை இறக்கிவிடுகிறார்.

ரான்ஸ் குழுவினர் இதை எலியில் சோதித்தார்கள். எலி உடம்புச் சூட்டை வால் வழியாக வெளியேற்றும். சினைப்பை நீக்கப்பட்ட பெண் எலிக்கு வால் சூடாகிவிடும். கேண்டி நரம்பணுக்களை மட்டும் அழித்தபோது வாலின் சூடு இறங்கியது. பிறகு லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மாதவிடாய் நிற்காத இளம் பெண்களுக்கு நியூரோகைனின் பி ஏற்றினார்கள், அவர்களுக்கும் குப்பென்று வேர்த்தது. அதே இடத்தில் 2017இல், நியூரோகைனின் பி உட்காரும் வாங்கியை அடைக்கும் மருந்து வேர்வையைக் குறைத்ததைக் காட்டினார்கள். அந்த வகையில் முதல் மருந்தான ஃபெசோலினெட்டன்ட்டுக்கு 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஹார்மோன் இல்லாத மாத்திரை, அதனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் ஒரு நம்பிக்கை. கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே எடுக்க வேண்டும்.

1990இல் நரம்பணுவைப் பார்த்தாயிற்று, மருந்து வர 33 வருடம். உலகத்தில் பாதிப் பேருக்கு வரும் ஒரு விஷயத்துக்கு இவ்வளவு காலமா என்று எனக்குக் கோபம் வருகிறது. பணம் போட வேண்டியவர்கள் இதை நோயாகவே நினைக்கவில்லை, "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிட்டார்கள். புராஸ்டேட் புற்றுநோய்க்காக ஹார்மோனை அடக்கும் ஊசி போட்டுக்கொள்ளும் ஆண்களுக்கும் இதே வேர்வை வரும், அவர்களை யாரும் நீயாக நினைத்துக்கொள்கிறாய் என்று சொல்வதில்லை.

இனி ஹார்மோன் சிகிச்சை. இவ்வளவு புரிந்துவிட்டால் அது என்ன செய்கிறது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்: கேண்டி அணுக்கள் எதிர்பார்த்த பதிலை வெளியிலிருந்து கொடுக்கிறது. அவை அடங்குகின்றன, கோடு பழைய இடத்துக்கு ஏறுகிறது. வேர்வை வரும் எண்ணிக்கை முக்கால்வாசி குறைந்துவிடும். கூடவே எலும்பு தேய்வதும் மட்டுப்படும். மாத்திரையாக, தோலில் ஒட்டும் பட்டையாக, தடவும் ஜெல்லாக என்று பல வடிவம் உண்டு. விழுங்கும் மாத்திரை முதலில் கல்லீரலுக்குப் போய் ரத்தம் உறையும் தன்மையைக் கொஞ்சம் கூட்டும், தோல் வழியாகப் போவதில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துப் புற்றுநோய் வரை போகலாம், அதனால் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும்.

பயம் எங்கிருந்து வந்தது? 2002 ஜூலையில் அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடியது என்று உலகமெங்கும் தலைப்புச் செய்தி. அந்த 26 சதவீதத்தைப் பிரித்துப் பார்ப்போம்: ஹார்மோன் எடுக்காத 10,000 பெண்களில் வருடத்துக்கு 30 பேருக்கு வந்தது, எடுத்தவர்களில் 38 பேருக்கு. 10,000 பேரில் 8 பேர் கூடுதல். இதைச் சின்னது என்று நான் தள்ளவில்லை, அந்த எட்டுப் பேரும் யாரோ ஒருவரின் அம்மாக்கள்தான், வருடக்கணக்கில் எடுக்க எடுக்க ஆபத்து கூடவும் செய்யும். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. கொடுத்தது சினையான குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த பழைய ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் செயற்கைப் புரோஜெஸ்டின் ஒன்றும். கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவில் பக்கவாதம் கூடியது, ஆனால் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை, பிற்காலக் கணக்கில் குறைந்தே இருந்தது. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள், வேறு பெரிய நோய் இல்லாமல் தொல்லை மட்டும் இருப்பவருக்கு நன்மையே அதிகம் என்பதுதான் இன்று மருத்துவ அமைப்புகள் சொல்வது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள் இந்தப் பக்கம் போகக் கூடாது.

நம் ஊருக்கு முக்கியமான ஒன்று. முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள் இங்கே நிறைய. கூடவே சினைப்பையையும் எடுத்தார்களா என்று பலருக்குத் தெரியவே தெரியாது. எடுத்திருந்தால் மறுநாளே மெனோபாஸ். அப்படிப்பட்டவர்களுக்கு, எடுக்கக் கூடாத காரணம் எதுவும் இல்லையென்றால், இயற்கையாக நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் கொடுப்பதுதான் முறை, இல்லாவிட்டால் எலும்பும் இதயமும் சீக்கிரமே பாதிக்கப்படும். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துப் படித்துப் பாருங்கள், புரியாவிட்டால் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

அப்புறம், "ஹார்மோன் பேலன்ஸ் டெஸ்ட்" என்று விற்கிறார்களே, 45 வயதுக்கு மேல் இந்தத் தொல்லைகளோடு வரும் ஒருவருக்கு அது தேவையே இல்லை. இன்று ஒரு அளவு காட்டும், அடுத்த வாரம் வேறு காட்டும். அந்தப் பணத்தில் தைராய்டு பார்த்துக்கொள்ளலாம், அதன் தொல்லைகள் ஏறக்குறைய இதே மாதிரி இருக்கும்.

என் அம்மாவுக்கு 2003இல் 49 வயது. ராத்திரியில் சிவப்பு சிமெண்ட் தரையில் தண்ணீர் தெளித்து அதன் மேல் வெறுமனே படுத்துக்கொள்வார். பார்த்த மருத்துவர் "ஹார்மோனா, கேன்சர் வந்துடும்" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார். ஏழெட்டு வருடம் அப்படியே ஓட்டினார்.

வேர்வை எப்போதோ நின்றுவிட்டது. ஆனால் சில வருடங்களாக அடிக்கடி சிறுநீர்த் தொற்று, எரிச்சல், ஆன்டிபயாடிக், மறுபடி தொற்று. வேர்வை போல இது தானாக நிற்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை பிறப்புறுப்பின் சுவரில் சர்க்கரைச் சத்து சேர்ந்திருக்கும், அதைத் தின்று லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா அமிலம் செய்யும், அந்த அமிலம் குடலிலிருந்து வரும் கிருமிகளை நெருங்கவிடாது. ஈஸ்ட்ரோஜன் போனால் சுவர் மெலிந்து, அந்தக் காவலும் போய்விடுகிறது. உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் மிகச் சிறிய அளவு, ரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம், 70 வயதிலும் தொடங்கலாம்.

போன வருடம் ஒரு மருத்துவர் அதை எழுதிக்கொடுத்தார். அம்மா ட்யூபோடு வந்த தாளைப் படித்துவிட்டு, புற்றுநோய், பக்கவாதம் என்று இருந்ததைக் கண்டு, அலமாரியில் வைத்து மூடிவிட்டார். மாத்திரைக்கு எழுதிய எச்சரிக்கையையே கிரீமுக்கும் போட்டிருந்தார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 நவம்பரில்தான் அந்தக் கறுப்புக் கட்ட எச்சரிக்கையை எடுக்கப்போவதாக அறிவித்தது. நான் உட்கார்ந்து அந்த 30, 38 கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன், கிரீமின் அளவு மாத்திரையில் எவ்வளவு சிறிய பங்கு என்பதையும் எழுதினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். இப்போது வாரத்துக்கு இரண்டு ராத்திரி போட்டுக்கொள்கிறார். அதற்கு முந்தைய வருடம் ஆறு தடவை வந்த தொற்று, இதுவரை ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறது.