பாம்புக்கடி ஆறிய பிறகு வரும் காய்ச்சல்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அவருடைய தம்பியை, மலாயில் ஊலார் காப்பாக் போடோ எனப்படும் குழிவிரியன் கடித்துவிட்டது. சருகோடு சருகாகக் கிடந்து, மிதிக்கிற வரை நகராத அதே பாம்புதான். மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து ஏற்றி, வீட்டுக்கு அனுப்பும்போது டெட்டனஸ் தடுப்பூசியும் போட்டார்கள். வீக்கம் வடிந்து, வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில், ஒன்பதாம் நாள் காய்ச்சல். மறுநாள் உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு. முழங்காலை மடக்க முடியவில்லை. தடுப்பூசி ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் மைத்துனர். விஷம் முழுசாக இறங்கவில்லை, மந்திரிக்க வேண்டும் என்கிறார் அத்தை. எது சரி?

இரண்டும் இல்லை என்றே தோன்றுகிறது. தடுப்பூசியில் போகும் புரதம் மிகக் கொஞ்சம். அதனால் கைவலி, காய்ச்சல் வந்தாலும் ஓரிரு நாளில் வந்து போய்விடும். ஆபத்தான ஒவ்வாமை என்றால் உதடு வீங்கும், மூச்சு இழுக்கும். அது பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். உடனே தொடையில் அட்ரினலின் போட வேண்டும். ஊசிக்குப் பிறகு கொஞ்ச நேரம் உட்காரவைப்பது இதற்காகத்தான். ஒன்பதாம் நாள் என்றதும் என் சந்தேகம் முறிவு மருந்தின் மேல் போகிறது.

அது பாங்காக்கில், ராணி சௌவபா நினைவு நிறுவனத்தில் தயாராவது. குதிரைக்குச் சிறுகச் சிறுக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். விஷத்தை அது கட்டிப்போடுகிறது. ஆனால் நம் உடம்புக்குக் குதிரைப் புரதமும் அந்நியன்தானே!

1905-ல் வியன்னாவில் கிளெமென்ஸ் ஃபோன் பிர்கே, பேலா ஷிக் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்கள் இப்படிக் குதிரைச் சீரத்தால், அதாவது ரத்தத்தின் தெளிநீரால் வரும் நோய்க்குச் சீரம் நோய் என்று பெயர் வைத்து ஒரு நூலே எழுதினார்கள். அப்போது தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோய்க்குக் குதிரைச் சீரம் போடுவது வழக்கம். அவர்களைக் குடைந்தது, ஊசி போட்டதற்கும் நோய் வருவதற்கும் நடுவில் இருந்த இடைவெளி. சீரமே நஞ்சு என்றால் அன்றைக்கே படுத்திருக்க வேண்டாமா? இரண்டாம் முறை போட்ட குழந்தைகளுக்கு நோய் இன்னும் சீக்கிரமாக வந்தது. அப்படியானால் இது சீரம் மட்டும் செய்கிற வேலை இல்லை, உடம்பும் சேர்ந்து செய்கிற வேலை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். முதல் வாரம் ரத்தத்தில் குதிரைப் புரதம் நிறைய இருக்கிறது, எதிர்ப்பொருள் இல்லை. தொல்லையும் இல்லை. அப்புறம் எதிர்ப்பொருள் கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்குகிறது, அதுவும் ஓர் எதிர்ப்பொருளுக்கு எதிரான எதிர்ப்பொருள்! புரதம் அதிகம், இது குறைவு என்பதால் இரண்டும் ஒட்டிச் சின்னச் சின்னக் கூட்டுகளாகத்தான் சேர முடிகிறது. சல்லடையில் நழுவும் நொய் போல, கல்லீரலும் மண்ணீரலும் வைத்திருக்கும் விழுங்கணுக்களின் கையில் இவை சிக்குவதில்லை. ரத்தத்தோடு சுற்றி, தோல், மூட்டு, சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்குழாய்ச் சுவர்களில் போய்ப் படிகின்றன. படிந்த இடத்தில், ரத்தத்தில் காவலுக்கு இருக்கும் காம்ப்ளிமென்ட் என்ற புரதங்கள் விழித்துக்கொண்டு வெள்ளையணுக்களைக் கூப்பிட, அவை வந்து கொட்டும் நொதிகள் அக்கம்பக்கத்துத் திசுவையும் அரிக்கின்றன. தடிப்பும் மூட்டுவலியும் அதனால்தான். இன்னும் சில நாளில் எதிர்ப்பொருள் பெருகிவிடும். கூட்டுகளும் பெரிய பின்னலாகி விழுங்கணுக்களிடம் மாட்டும். புரதம் தீர்ந்தால் நோயும் தீர்ந்தது.

பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானாக அடங்கும் நோய் என்பதால், அத்தை மந்திரித்த கயிறு கட்டினாலும் சரியாகும். பெயர் கயிற்றுக்குப் போகும். எனக்கு எரிச்சல் அதில்தான்.

இப்போது எதிர்ப்பொருளின் வாலைப் பெப்சின் என்ற நொதியால் வெட்டி, சுத்தம் செய்துதான் மருந்தாக்குகிறார்கள். தொல்லை குறைகிறது, போய்விடவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2017-ல்தான் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கடிபடுகிறவர்கள் தோட்டத்துக்காரர்களும் விவசாயிகளும். பங்குச்சந்தையில் விளையாடுகிறவர்களை இந்தப் பாம்பு கடித்திருந்தால் குதிரையை விட்டு எப்போதோ இறங்கியிருப்போம்.

சரி, தம்பி என்ன செய்ய வேண்டும்? டிஸ்சார்ஜ் கடிதத்தோடு அதே மருத்துவமனைக்குப் போகட்டும். கடிவாய் சீழ்பிடித்தும் காய்ச்சல் வரலாம், அதை மருத்துவர் பார்த்துத்தான் பிரிக்க முடியும். சிறுநீரில் புரதமோ ரத்தமோ போகிறதா என்றும் சோதிப்பார்கள். அரிப்புக்கு ஆன்டிஹிஸ்டமின், காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், கடுமையாக இருந்தால் சில நாள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு எதையாவது வாங்கிப் போட வேண்டாம். சிறுநீரகத்தைப் பார்க்காமல் சில வலி மாத்திரைகள் ஆகாது. மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ உடனே அவசர எண் 999.

இனி பாம்பு கடித்தால் முறிவு மருந்து கூடாதா என்றும் கேட்டிருக்கிறார். தேவைப்பட்டால் போட்டே ஆகவேண்டும். முன்பு எந்த மருந்து, எப்போது ஏறியது என்று முதலிலேயே சொல்லிவிட்டால், அட்ரினலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏற்றுவார்கள். இந்தக் காய்ச்சல் மட்டும் அப்போது ஒன்பது நாள் காத்திருக்காது, மூன்றாம் நான்காம் நாளிலேயே வந்துவிடலாம்.