எந்தக் காட்சிக்காகத் தம்பி இதைப் பார்க்கிறீங்கள்?

"ஒவ்வொரு ராவும் ஒரு பேய்ப்படத்தத்தான் பாக்கான் மிஸ். ஒரே படம். முடிஞ்சா மறுகாவும் அதத்தான் போடுறான். புள்ளைக்கு என்னமோ பிடிச்சிரிக்கு."

தாய் இப்படிச் சொல்லும்போது மகன் பக்கத்துக் கதிரையில் இருந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் கராஜ் கிறீஸ். மணிக்கட்டில் ஓதிக் கட்டிய மஞ்சள் நூல், இன்னும் நிறம் மங்காமல். என்னிடம் வருமுன் மந்திரம் ஓதுகிற கட்டாடியாரிடம் போய் வந்திருக்கிறார்கள். மட்டக்களப்பில் உளவளத்துணைக்கு வருகிற பாதிப் பேரின் பாதை அதுதான். நான் அதைக் குறையாக எடுப்பதில்லை.

வயது 28. வேலைக்கு ஒழுங்காகப் போகிறார். குடியில்லை, சண்டையில்லை. பகலில் யாரோடும் அதிகம் கதைப்பதில்லை. இரவு பன்னிரண்டுக்குப் பிறகு போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு படம். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். தாயும் மகனும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.)

படத்தின் பெயர் 'ஜேக்கப்ஸ் லேடர்'. நான் அதுவரை பார்த்ததில்லை. பார்க்காமலே ஒரு பிழை விட்டேன். "தம்பி, கொஞ்ச நாளைக்கு அந்தப் படத்தைப் போனில் இருந்து எடுத்துவிடுவோமா?" என்று முதல் நாளே கேட்டேன். "சரி மிஸ்" என்றார். அடுத்த தவணைக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. ஐந்து கிழமை.

அந்த இடைவெளியில்தான் ஒரு ஞாயிறு மாலை வெளிச்சத்திலேயே இருந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி எழுத முடியாது. பார்க்கும் எண்ணம் உள்ளவர்கள் பார்த்துவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள்.

வியட்நாம் யுத்தத்தில் இருந்து திரும்பிய ஒருவன், பெயர் ஜேக்கப். கலாநிதிப் பட்டம் படித்தவன், நியூயோர்க்கில் தபால் கந்தோரில் வேலை செய்கிறான். சுரங்க ரயிலிலும் தெருவிலும் விருந்திலும் மனிதரின் முகங்கள் அவனுக்கு மாறித் தெரிகின்றன. தலைகள் மனிதத் தலை ஆடக்கூடாத வேகத்தில் ஆடுகின்றன. கமராவைக் குறைந்த பிரேம் வேகத்தில் ஓடவிட்டு, நடிகரைத் தலையை ஆட்டச் சொல்லிப் பிடித்து, பிறகு வழமையான வேகத்தில் காட்டியிருக்கிறார்கள். இயக்குநர் அட்ரியன் லைன் கொம்பும் சிறகும் வைத்த பேய்களை வேண்டாம் என்று தள்ளிவிட்டார். மனித உடம்பே கொஞ்சம் பிசகித் தெரிந்தால் போதும் என்பது அவருடைய எண்ணம். அது எவ்வளவு சரி என்பதை என் அறையில் இருந்து சொல்ல முடியும். பயந்து வருகிறவர்கள் யாரும் கொம்பு வைத்த உருவத்தைப் பற்றிச் சொன்னதில்லை. "அவர்தான் மிஸ், ஆனா அவரில்ல" என்பார்கள். தெரிந்த முகத்தில் தெரியாத ஏதோ ஒன்று.

கடைசியில்தான் விளங்குகிறது: ஜேக்கப் திரும்பி வரவே இல்லை. வியட்நாமில் இராணுவக் கூடாரத்தில் மருத்துவர்களின் கைகளுக்குள் செத்துக்கொண்டிருக்கிறான். நியூயோர்க் முழுவதும் அந்தக் கடைசி நேரத்து மனம் கண்டது. முன்பே விபத்தில் செத்துப்போன அவனுடைய சின்ன மகன் வந்து கைபிடித்து மாடிப்படியில் ஏற்றிக்கொண்டு போகிறான். படத்தின் பெயர் ஆதியாகமத்தில் யாக்கோபு கனவில் கண்ட ஏணி. கதையை எழுதிய புரூஸ் ஜோயல் ரூபின் திபெத்திய பௌத்தத்தில் மூழ்கியவர், மரணத்துக்கும் மறுபிறப்புக்கும் இடைப்பட்ட நிலையைப் பற்றி அந்த மரபு சொல்வதிலிருந்து இதை எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். அதே ஆண்டில் வெளிவந்த 'கோஸ்ட்' படமும் அவர் எழுதியதுதான், அதற்கு ஒஸ்கார் கிடைத்தது. அதைப் பார்த்து உலகம் அழுதது. இந்தப் படமோ பிறகுதான் மெல்ல மெல்லத் தனக்கென்று ஒரு கூட்டத்தைச் சேர்த்தது. 'சைலன்ட் ஹில்' வீடியோ கேமை உருவாக்கியவர்களும் அந்தக் கூட்டத்தில் அடக்கம். அந்த கேம் வழியாகத்தான் எங்கள் தம்பியும் படத்துக்கு வந்தாராம்.

படம் வெளிவந்தது 1990இல். மட்டக்களப்பில் யாரிடமாவது 'தொண்ணூறு' என்று சொல்லிப் பாருங்கள், அது வெறும் இலக்கமாகக் காதில் விழாது. வந்தாறுமூலை வளாகத்தில் அடைக்கலம் புகுந்து, அங்கிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள். சத்துருக்கொண்டானில் ஓர் இரவில் கொல்லப்பட்டவர்கள். காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தபோது கொல்லப்பட்டவர்கள். எல்லாம் ஓகஸ்டுக்கும் செப்டெம்பருக்கும் இடையில். உலகின் ஒரு மூலையில் செத்தவனும் திரும்பி வராதவனும் கதையாகத் திரைக்கு வரவிருந்த அந்த ஆண்டில், எங்கள் வீடுகளில் அது கதையாக இருக்கவில்லை. அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பயப்படுவதற்கு ஒருவர் ஏன் ஆசைப்பட வேண்டும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

பயத்தில் இரண்டு வகை உண்டு. கூப்பிடாமல் வருவது ஒன்று, நாம் கூப்பிட்டு வருவது மற்றது. மனவடு உள்ளவரிடம் முதலாவது எந்த நேரமும் வரும். கச்சான் வறுக்கும் மணத்தில் வரும், வெடிச்சத்தத்தில் வரும், கடல் கொஞ்சம் பின்வாங்கியதைக் கண்டாலும் வரும். அதற்கு வாசல் இல்லை, நேரம் இல்லை, முடிவும் தெரியாது. படத்தில் வருகிற பயத்துக்கு இதெல்லாம் இருக்கிறது. நான் தொடங்குகிறேன், நான் நிறுத்துகிறேன். நெஞ்சு அடிப்பதும் உள்ளங்கை வேர்ப்பதும் ஒன்றுதான், மூளையின் அடியில் இருக்கிற அமிக்டலாவுக்குத் திரையா தெருவா என்று உடனே தெரிவதில்லை. ஆனால் நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதிக்குத் தெரியும், "இது படம்" என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதில்தான் ருசி. படம் முடிந்ததும் உடம்பில் மிஞ்சியிருக்கிற படபடப்பே ஆறுதலையும் பெரிதாக்கிக் காட்டுகிறது. டோல்ஃப் சில்மான் என்ற ஆய்வாளர் இதை விளக்கியிருக்கிறார்.

கொவிட் காலத்தை வைத்துச் செய்து 2021இல் வெளியான ஆய்வு ஒன்றில், திகில் படங்களை விரும்பிப் பார்ப்பவர்களிடம் உளநெருக்கீடு குறைவாகக் காணப்பட்டது. படம் அவர்களைப் பழக்கியதா, அல்லது பழகிய மனம் உள்ளவர்கள்தான் படம் பார்க்கிறார்களா என்பது வேறு கேள்வி. எப்படியானாலும் "பேய்ப்படம் பார்த்தால் மூளை கெட்டுவிடும்" என்று பிள்ளைகளை ஏசுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

எங்களுக்கு இது புதிதும் இல்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குப் போனவர்களுக்குத் தெரியும். உடுக்கும் பறையும் ஏற ஏற, நேற்றுவரை அயல்வீட்டு அக்காவாக இருந்தவர் தலைவிரித்து ஆடுகிறார். குழந்தைகள் தாயின் சீலைக்குள் ஒளிகின்றன, ஆனாலும் ஒரு கண்ணால் பார்க்கின்றன. தொண்ணூறுகளில் இங்கு வந்து ஆய்வு செய்த மானிடவியலாளர் பற்றிசியா லோரன்ஸ், காணாமல்போன பிள்ளைகளைப் பற்றிக் கேட்கத் தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்கிறவர்களிடம் போனதை விரிவாக எழுதியிருக்கிறார். வாயால் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்க அந்த நேரம் அது ஓர் இடம். அங்கே பயத்துக்கு மேளம் இருந்தது, சுற்றி நிற்கச் சொந்தம் இருந்தது, கடைசி நாளில் குளிர்த்தி பாடி அம்மனைக் குளிரவைத்து, மக்கள் வீட்டுக்குப் போனார்கள்.

போர்வைக்குள் தனியே கிடந்து காதில் ஹெட்போனோடு பார்க்கிறவருக்குக் குளிர்த்தி பாட யார் இருக்கிறார்கள்? என் கவலை அதுதான். படத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஐந்து கிழமைக்குப் பிறகு அவர் தனியாக வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன் தம்பி" என்றேன். முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "எந்தக் காட்சிக்காக இதைப் பார்க்கிறீங்கள்?"

வைத்தியசாலைக் காட்சி என்று எதிர்பார்த்தேன். இரத்தத்தின் மேல் உருளும் கட்டில், அந்தப் படத்தில் எல்லோரும் பேசுகிற இடம். அல்லது கடைசிப் படிக்கட்டு. இரண்டும் இல்லை. போனை எடுத்து, கீறல் விழுந்த திரையில் விரலை நகர்த்தினார். தேடவே இல்லை, விரல் நேரே அந்த இடத்தில் போய் நின்றது.

ஜேக்கப்புக்கு உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது. அயலவர்கள் சேர்ந்து ஐஸ் நிரப்பிய தொட்டியில் போடுகிறார்கள். கண்ணை மூடுகிறான். திறந்தால் பழைய வீடு, பழைய கட்டில், பக்கத்தில் மனைவி. யன்னல் திறந்து கிடக்கிறது, அதுதான் குளிர். கெட்ட கனவு கண்டேன் என்கிறான். எழும்பிப் போய்ப் பிள்ளைகளைப் படுக்கவைக்கிறான். மூன்று பேரும் இருக்கிறார்கள், செத்துப்போனவனும் இருக்கிறான். பிறகு கண் திறந்தால் மறுபடியும் ஐஸ் தொட்டி.

"ஐஸுக்குள்ள முழிக்கிறதுக்கு முன்னம் நிப்பாட்டிருவன் மிஸ்."

ஆக, இவர் இரவிரவாகப் பார்த்தது பேய்ப்படம் இல்லை. பேய்ப்படத்துக்கு நடுவில் இருக்கிற சில நிமிட வீடு. அதற்குப் போக அந்தப் பயங்கரத்தையெல்லாம் கடக்க வேண்டியிருக்கிறது. நேரே அந்த இடத்துக்குத் தள்ளிப் பார்த்தால் என்ன என்று கேட்டேன். "அப்பிடிப் பாத்தா ஒண்டும் வராது" என்றார். நான் பயிற்சியில் படித்த எத்தனையோ பக்கங்களை விட இந்தப் பதில் எனக்கு அதிகம் விளக்கியது.

2004 டிசம்பர் 26 காலை அவருக்கு ஏழு வயது. வீட்டில் நான்கு ஆண்பிள்ளைகள். பின்னேரம் எண்ணியபோது ஒருவர்.

வேலை அங்கிருந்துதான் தொடங்கியது, மாதக்கணக்கில் நடந்தது. மனவடுவின் நினைவை மெல்ல மெல்ல, துணையோடு, பாதுகாப்பான இடத்தில் அணுகுவதற்கு முறை இருக்கிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயைத் தன் வகைப்பாட்டில் சேர்த்ததே 1980இல்தான், வியட்நாமில் இருந்து வந்தவர்கள் ஆண்டுக்கணக்காகக் குரல் கொடுத்த பிறகு. இன்று அதற்கு நல்ல சிகிச்சைகள் உண்டு. நடுச்சாமத்தில் தனியே பார்க்கிற படம் அந்தச் சிகிச்சை ஆகாது. ஆனால் காயம் எங்கே இருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். போனைப் பறித்தால் அந்தத் தடமும் போய்விடும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளையும் இதே மாதிரியான படங்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் இருக்கிறவர்களின் முகம் அசைகிறது, படம் தனக்காகவே எடுக்கப்பட்டது, அதற்குள் தனக்குச் செய்தி வருகிறது என்றார். சாப்பாடு குறைந்து, குளிப்பதை விட்டு, நான்கு மாதம். வீட்டில் எல்லாவற்றுக்கும் போனைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றே உளநல மருத்துவரிடம் அனுப்பினேன். படம் அங்கே காரணம் இல்லை, தொடங்கிக்கொண்டிருந்த நோய் படத்தின் உடுப்பைப் போட்டிருந்தது. மருந்து தொடங்கி இப்போது படிக்கிறார். நான்கு மாதம் முந்தி வந்திருந்தால் ஒரு பரீட்சை மிஞ்சியிருக்கும்.

ஆகவே உங்கள் வீட்டில் யாராவது ஒரே திகில் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால், பக்கத்தில் இருந்து எந்த இடம் பிடிக்கும் என்று கேளுங்கள். பதிலில் ஒரு நினைவோ ஓர் ஆளோ இருந்தால் அதைக் கேட்டுக்கொண்டிருங்கள், திருத்தப் போக வேண்டாம். நித்திரை கிழமைக்கணக்காகக் கெட்டுப்போனால், படத்தில் வருவது வெளியிலும் தெரிந்தால், ஐஸ் என்கிற போதைப்பொருள் அல்லது போதைக் குளிசைப் பழக்கம் கலந்திருந்தால், சாவைப் பற்றிய கதை வந்தால், அன்றைக்கே ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்குத் தமிழிலும் கதைக்கலாம். நூல் கட்டியிருந்தால் கட்டியபடியே வாருங்கள், நான் ஒருநாளும் அவிழ்க்கச் சொன்னதில்லை.

கடைசியாக அந்தத் தாய். மகன்தான் அவருக்கும் காட்டலாமா என்று கேட்டார். மூன்று பேரும் என் மேசையில் போனைச் சாய்த்துவைத்துப் பார்த்தோம். மொழி அவருக்கு விளங்கவில்லை. பிள்ளைகள் படுக்கிற இடம் வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சுனாமியோடு வீட்டில் இருந்த படங்களும் போய்விட்டன, இருபது வருடமாக அந்த மூன்று பெயர்களையும் யாரும் வீட்டுக்குள் சொல்வதில்லை.

"எங்கட ஊட்டயும் இப்பிடித்தான் மிஸ், ஒரே பாயில. செவரோட மூத்தவன். அங்கால இவன். மறுகா மத்தவன்" என்று விரலை மேசையில் ஒவ்வோர் இடமாக வைத்துக் காட்டினார். "ஓரத்தில சின்னவன். ஆருக்கு மேலயாவது காலத் தூக்கிப் போடாட்டி அவனுக்கு நித்திரை வராது. எங்க படுக்கவெச்சாலும் நடுச்சாமத்தில உருண்டு வந்திருவான்."

"எனக்கு மேலதானம்மா போடுவான்" என்றார் மகன்.